சாதிப் பூனையும் மொட்டைவால் பூனையும்



தேர்வுத்தாள் திருத்தம், விளையாட்டுப் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் எனப் பள்ளிப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமையால் இரண்டு மாதங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. மின்னஞ்சல்வழி நலம் விசாரித்த ஆசிரிய நண்பர்களுக்கு நன்றி. இம்முறை பூனைகளைப் பற்றி எழுதுகிறேன். அத்துடன் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் எழுத வேண்டியுள்ளது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் பிரித்து எழுத முடியவில்லை.

நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளி சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் உள்ளது. ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரங்கள், இன்று செம்பனை. பள்ளியின் பெயரில் மட்டும் இன்னமும் தோட்டம் இருக்கிறது. மாணவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் லயங்களை விட்டு வெளியேறி, அருகிலுள்ள மலிவுவிலை வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்டன. தாத்தா பாட்டிமாரின் பேச்சில்தான் பிரட்டுக்களமும் ஆயாக்கொட்டகையும் பால்கொட்டகையும் உயிரோடு உள்ளன.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனது செல்லப்பிராணி' என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புதான். ஆண்டுதோறும் வரும் கட்டுரைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 'அது வாலை ஆட்டும், பாலைக் குடிக்கும், நான் அதை மிகவும் நேசிக்கிறேன்.' இவ்வாண்டு ஒரு மாணவியின் கட்டுரை மட்டும் வேறுவகையாக இருந்தது. அவள் வீட்டில் ஒரு சயாமியப் பூனை இருக்கிறது. அவளுடைய தந்தையார் வேலை செய்யும் நிறுவனத்தின் மேலாளர் தம் நாட்டுக்குத் திரும்பும்போது அதை அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றாராம். அதன் நீலக்கண்களையும், முகத்திலும் காதுகளிலும் கால்நுனிகளிலும் வாலிலும் மட்டும் படிந்திருக்கும் கருமையையும், அது குழந்தை அழுவதுபோல் கத்துவதையும் அழகாக எழுதியிருந்தாள். முதல் வாக்கியம் இது: 'என் பூனை சாதிப் பூனை.'

நான் அவ்வாக்கியத்தின் கீழ்ச் சிவப்பு மையால் ஒரு சரிக்குறி இட்டேன். ஓரத்தில் 'நன்று' என்றும் எழுதினேன். மறுநாள் அக்கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவன். அவனும் பூனையைப் பற்றித்தான் எழுதியிருந்தான். அவன் பூனையின் பெயர் மொட்டை. வால் பாதியளவே உண்டு. நுனியில் முடிச்சுப் போட்டாற்போல் வளைந்து திரண்டிருக்கும். ஏழு வரிகள் எழுதியிருந்தான். மூன்று எழுத்துப் பிழைகள். அந்தப் பிழைகளைத்தான் நான் பார்த்தேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் யாரோ ஒரு பையன், "உன் பூனை சாதி கெட்ட பூனை" என்று அவனிடம் சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். இவையெல்லாம் எனக்குப் பின்னர்தான் தெரியவந்தன.

இரண்டு நாள் கழித்து, காலையில் பள்ளி வாயிலில் அவனுடைய பாட்டி நின்றிருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். என்னைக் கண்டதும் கைகூப்பினார். பிறகு தாழ்ந்த குரலில், "டீச்சரம்மா, பூனைக்கு என்ன சாதின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தீங்களாம். எங்க மொட்டைக்கு ஒன்னும் இல்லையாம். அதான் பிள்ள சாக்குல கட்டி, சைக்கிள்ல வெச்சுக் கொண்டுபோயி, செம்பனைக் காட்டுல விட்டுட்டு வந்துட்டான்" என்றார்.

அவர் குற்றம் சாட்டவில்லை. ஒரு செய்தியைத் தெரிவிப்பவர் போலவே சொன்னார். எனக்கு மறுமொழி எழவில்லை.

அன்று பள்ளி முடிந்ததும் பையனையும் பாட்டியையும் ஏற்றிக்கொண்டு அவன் காட்டிய இடத்துக்குக் காரோட்டிச் சென்றேன். நெடுஞ்சாலைக்கு அப்பால், ஆந்தைக் கூண்டு நட்டிருந்த ஒரு வரிசையில் விட்டதாகச் சொன்னான். எலிகளைக் கட்டுப்படுத்தச் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை ஆந்தைகளை வளர்ப்பது நம் நாட்டில் 1980களிலிருந்து பரவிய பழக்கம். பூனை செய்து வந்த வேலையை ஆந்தைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பாட்டி சொன்னார். "மொட்டே, மொட்டே" என்று இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டு நடந்தோம். கிடைக்கவில்லை. பையன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் அந்தச் சொல்லைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தேன். சாதி என்னும் சொல்லுக்கு இனம், வகை என்னும் பொருளும் உண்டு. தொல்காப்பிய மரபியலில் நீர்வாழ் உயிர்களைக் குறிக்கவே அச்சொல் வருகிறது. சாதிமல்லி என்கிறோம். தரமான நாயைச் சாதி நாய் என்கிறோம். இவற்றையெல்லாம் ஆசிரியர் அறையில் எடுத்துக்கூறி, "அகராதியில் உள்ள சொல்தானே, இதில் நீங்கள் வருந்த என்ன இருக்கிறது?" என்று ஒரு தோழி ஆறுதல் சொன்னார். ஆனால் 'சாதி நாய்' என்னும்போது நம் மனத்தில் தோன்றுவது வகை மட்டுமா? உயர்ந்தது என்ற எண்ணமும் சேர்ந்தே வருகிறது. எதிரே நிற்கும் மற்றொன்று தாழ்ந்தது என்று எவரும் சொல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 'சாதி கெட்ட' என்ற தொடரை என்னிடம் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் அதை எங்கோ கேட்டிருக்கிறார்கள். அது வெளியே வருவதற்கு நான் கதவைத் திறந்துவிட்டேன்.

என் பாட்டி அந்தச் சொல்லை உச்சரிக்க நேரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார். அவர் சிறுமியாக இருந்தபோது நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறி வந்தவர். கங்காணிகள் தம் ஊரிலிருந்தே, தம் உறவிலும் பழக்கத்திலும் இருந்தே ஆள்சேர்த்து வந்த காலம் அது. ஆகவே ஊரில் இருந்த பிரிவுகளும் அதே கப்பலில் வந்து லயங்களில் இறங்கின. எந்த லயத்தில் யார் குடியிருப்பது, கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் அவ்வாறுதான் முடிவாயிற்று என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டம் மறைந்தது, லயங்கள் இடிக்கப்பட்டன, அது மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, பெண் பார்க்கும் நாளில் தலைகாட்டுகிறது. பெற்றோர்களே, இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பிழையைத் திருத்த வேண்டுமானால், முதலில் அந்தச் 'சாதிப் பூனை' என்பது என்னவென்று நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த விரிவுரைஞர் ஒருவர், 'தெரியாத ஒன்றைக் கண்டித்துப் பேசுவது பாடம் ஆகாது' என்பார். மாணவியின் வீட்டுக்கு அனுமதி கேட்டுச் சென்றேன்.

அந்தப் பூனையைப் பார்த்ததும், அவள் அவ்வளவு அழகாக எழுதியதில் வியப்பில்லை என்று உணர்ந்தேன். ஒடுங்கிய நீண்ட உடல், மெல்லிய கால்கள், ஆப்பு வடிவ முகம், முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய காதுகள். உடலில் பாலேட்டின் நிறம். ஓரங்களில் மட்டும் கருந்தவிட்டு நிறம். கண்கள் அப்படி ஒரு நீலம். நான் அமர்ந்த உடனே மடியில் ஏறிக்கொண்டு என்னோடு ஓயாமல் பேசியது. மியாவ் என்று சொல்ல முடியாது. அடுத்த அறையில் கைக்குழந்தை முரண்டு பிடிப்பது போன்ற கரகரத்த ஓசை. மாணவியின் தாயார், "கழிவறைக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்தும், டீச்சர்" என்றார். மனிதத் துணையில்லாமல் இருக்க முடியாத பூனை அது. பூனை என்றாலே ஒட்டாமல் வாழும் என்று நினைப்பவர்கள் சயாமியப் பூனையோடு ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். பகல் முழுதும் வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இதை வாங்கி வளர்ப்பது அப்பூனைக்குச் செய்யும் கொடுமை என்றே எனக்குப் படுகிறது.

இதன் பூர்வீகம் இன்றைய தாய்லாந்து. அயுத்தியா காலத்து மரபைச் சார்ந்தனவாகக் கருதப்படும் 'தம்ரா மேவ்' என்னும் ஏடுகளில், நன்மை தரும் பூனைகளின் இலக்கணம் செய்யுளிலும் ஓவியத்திலும் கூறப்படுகிறது. அவற்றுள் 'விச்சியன்மாத்' எனப்படுவதே நாம் சயாமியப் பூனை என்று அழைப்பது. 1871இல் லண்டன் கிரிஸ்டல் அரண்மனையில் ஹாரிசன் வியர் என்பவர் நடத்திய பெரும் பூனைக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டபோது, தீக்கனவில் வரும் பூனை போல் இருக்கிறதென்று இகழ்ந்தார்களாம். 1878இல் பேங்காக்கிலிருந்த அமெரிக்கத் தூதர், அமெரிக்க அதிபர் ஹேயசின் மனைவிக்கு ஒன்றை அனுப்பி வைத்தார். 1884இல் அங்கிருந்த பிரிட்டிஷ் தூதர் எட்வர்ட் பிளென்கோ கூல்ட் ஓர் இணையை இங்கிலாந்திலிருந்த தம் சகோதரிக்குக் கொண்டு சென்றார். அதன்பின் இகழ்ச்சி போய் மோகம் வந்தது. பூனை மாறவில்லை, பார்த்தவர்களின் கண்தான் மாறியது.

அதன் நிறத்துக்கான காரணத்தைப் படித்தபோது இதை அறிவியல் பாடத்தில் அல்லவா வைக்க வேண்டும் என்று நினைத்தேன். முடிக்கு நிறமூட்டும் நிறமியை உண்டாக்கத் தைரோசினேஸ் என்னும் நொதி வேண்டும். சயாமியப் பூனையின் உடலில் அந்நொதியின் மரபணு சற்றே மாறியிருப்பதால், வெப்பமான இடத்தில் அது வேலை செய்வதில்லை. உடலின் நடுப்பகுதி வெப்பமானது. ஆகவே வெளிறியே இருக்கும். காது, மூக்கு, பாதம், வால் ஆகியன குளிர்ந்தவை. அங்கே நொதி வேலை செய்து கருமை படிகிறது. தாயின் கருப்பை எங்கும் ஒரே வெப்பமாதலால் குட்டிகள் ஏறத்தாழ வெள்ளையாகவே பிறக்கின்றன. நிறம் பின்னர்தான் ஏறும். பழைய சயாமியப் பூனைகள் பலவற்றுக்கு மாறுகண் இருந்ததும் இதே மாற்றத்தின் விளைவே. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்புகளின் வழி சற்றே பிறழ்ந்துவிடுகிறது.

மாறுகண்ணோடு இன்னொன்றும் இருந்தது. அதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சயாமிலிருந்து முதன்முதலில் மேலைநாடு சென்ற இப்பூனைகள் பலவற்றின் வாலில் முடிச்சு இருந்தது! அரண்மனைப் பெண்கள் நீராடும்போது கழற்றிய மோதிரங்களைப் பூனையின் வாலில் கோத்துவைத்தார்கள், அவை விழாமலிருக்கவே வால் வளைந்தது என்றெல்லாம் கதை கட்டியிருக்கிறார்கள். பின்னர்க் கண்காட்சி நடத்துவோர் நேரான வாலே இலக்கணம் என்று விதித்தார்கள். வால்முடிச்சு குறையாகக் கருதப்பட்டது. முடிச்சுள்ளவற்றைத் தவிர்த்துத் தவிர்த்துத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து அதை ஏறத்தாழ நீக்கிவிட்டார்கள்.

மொட்டையின் வாலில் இருந்தது அதே முடிச்சு.

சார்ல்ஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட, வளர்ப்பு உயிரினங்களின் மாறுபாடு குறித்த நூலில், மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பெகு, பர்மா ஆகிய பரந்த நிலப்பரப்பில் பூனைகளின் வால் பாதியளவே இருப்பதையும் நுனியில் பெரும்பாலும் முடிச்சுப் போன்ற ஒன்று காணப்படுவதையும் குறிப்பிட்டுள்ளார். நம் மலாய் நண்பர்கள் இதனை 'ஏக்கோர் கொந்தோத்' என்பார்கள். நாம் மொட்டைவால் என்கிறோம். சிறு வயதில் நானும், யாரோ கதவிடுக்கில் வாலை நசுக்கிவிட்டார்கள் என்றே எண்ணியிருந்தேன். பலரும் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது காயமன்று, பிறவி அமைப்பு. கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் ஒவ்வொன்றாய் உருவாவதை நெறிப்படுத்தும் ஹெஸ்7 என்னும் மரபணுவில் ஏற்பட்ட ஒரு சிறு மாற்றம் ஆசியக் குட்டைவால் பூனைகளோடு தொடர்புடையதென 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஐரோப்பாவின் வாலற்ற மாங்ஸ் பூனைக்கு வேறொரு மரபணு காரணம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாங்ஸ் மரபணுவைப் பெறும் குட்டி பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும். நம் பூனைகளுக்கு அந்தத் துன்பம் இல்லை.

பாரசீகப் பூனை பற்றியும் ஒரு சொல். சிரம்பான் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்; பஞ்சுப்பொதி போன்ற உடல், சப்பை மூக்கு, எந்நேரமும் கசியும் கண்கள். மூக்கைக் குறுக்கிக் குறுக்கி வளர்த்ததால் மூச்சுவிடவே திணறும் பூனைகள் அவற்றுள் உண்டு. உலகின் பல பகுதிப் பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வொன்று, பாரசீகப் பூனையின் நெருங்கிய உறவினர் மேற்கு ஐரோப்பாவின் தெருப்பூனைகளே என்று கண்டது. பெயரில் பாரசீகம், உடலில் ஐரோப்பா. அதே ஆய்வில் சயாமியம், பர்மியம், சிங்கப்பூரா முதலிய இனங்கள் தென்கிழக்காசியத் தெருப்பூனைகளோடு ஒரே கூட்டமாக அமைந்தன. ஏட்டில் புகழப்பட்ட பூனையும் உரச்சாக்கில் கட்டிக் காட்டில் விடப்பட்ட பூனையும் பங்காளிகள்.

சிங்கப்பூராவின் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிங்கப்பூர்த் தெருவில் கண்டெடுத்த அரிய இனம் என்று கூறி 1975இல் ஓர் அமெரிக்கத் தம்பதியர் மூன்று பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1982இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. 1987இலோ, அப்பூனைகள் 1974இல் அமெரிக்காவிலிருந்துதான் சிங்கப்பூருக்குள் வந்தன என்று இறக்குமதித் தாள்கள் காட்டிக்கொடுத்தன. இருந்தும் இனம் என்ற தகுதி பறிபோகவில்லை. தாள் எழுதுபவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது போலும்.

தாள் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாணவியின் தந்தையார் பூனையின் மரபுவழிச் சான்றிதழை எடுத்துக் காட்டினார். நான்கு தலைமுறை முன்னோரின் பெயர்கள் கிளைகிளையாக அச்சிடப்பட்டிருந்தன. பெற்றோர் 2, அவர்தம் பெற்றோர் 4, பின்னர் 8, பின்னர் 16; ஆக மொத்தம் 30 பெயர்கள். அவர் அதைப் பெருமையோடு காட்டவில்லை, சற்று வெட்கத்தோடுதான் காட்டினார். "எங்க தாத்தாவோட அப்பா பேரு எனக்குத் தெரியாது, டீச்சர்" என்றார். நான் வீட்டுக்கு வந்து எனக்கே எழுதிப் பார்த்தேன். இரண்டு எழுதினேன். நான்கு எழுதினேன். எட்டில் மூன்றுதான் தெரிந்தது. பதினாறில் ஒன்றுமில்லை. ஊர் எதுவென்று கேட்டால் 'ஆத்தூர்ப் பக்கம்' என்று பாட்டி சொல்லியிருக்கிறார். எந்த ஆத்தூர்? தமிழ்நாட்டில் எத்தனையோ ஆத்தூர்கள் இருக்கின்றன. முன்னோர் பெயர் பதினைந்தைக்கூட எழுத முடியாத நாம், தாத்தாவின் சாதி என்னவென்பதை மட்டும் எப்படியோ மறக்காமல் வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் நான்காம் ஆண்டு வகுப்பில் இரட்டைப் பாடவேளை. கரும்பலகையில் ஒன்றும் எழுதாமல், முதலில் என் தவற்றைச் சொன்னேன். "ஒரு கட்டுரையில் திருத்த வேண்டிய சொல்லை நான் திருத்தவில்லை. அதனால் உங்களில் ஒருவர் வருத்தப்பட்டார். ஒரு பூனை காணாமற் போயிற்று. எழுதியவர் மீது தவறில்லை, எல்லாரும் வழங்கும் சொல்லைத்தான் எழுதினார். திருத்த வேண்டியவள் நான்" என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியர் தவறு செய்வதும் ஒப்புக்கொள்வதும் அவர்களுக்குப் புதிது. பின்னர் மரபியலில் பூனையின் பழம்பெயராகிய வெருகு என்பதும், அதன் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியதாகக் கூறப்படுவதும், கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகத் தம்மைக் கூறிக்கொள்வதும் சொன்னேன். அவ்வளவு பெரிய புலவர் தம்மைப் பூனை என்றாரா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பின் சயாம், கிரிஸ்டல் அரண்மனை, டார்வின், வால்முடிச்சு.

வால்முடிச்சுக் கதை வந்ததும், சயாமியப் பூனைக்காரி கை உயர்த்தினாள். "அப்போ என் பூனையோட பாட்டிக்கு மொட்டை மாதிரி வால் இருந்திருக்குமா, டீச்சர்?" பாட்டிக்கு இல்லாவிட்டாலும் அதற்கும் முந்தைய பாட்டிகளில் யாருக்கேனும் இருந்திருக்கலாம் என்றேன். அவள் பின்வரிசையில் இருந்த அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாதிப் பூனை என்பதற்கு மாற்றாக என்ன எழுதுவது என்று வகுப்பிடமே கேட்டேன். 'வம்சப் பூனை', 'இனப்பூனை', 'பத்திரப் பூனை' என்று பல சொற்கள் வந்தன. பத்திரப் பூனை எனக்கு மிகவும் பிடித்தது. அதுதான் உண்மையும்கூட, பத்திரம் இருப்பதொன்றே வேறுபாடு. ஆனால் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. 'இனப்பூனை' என்று முடிவு செய்தோம். தமிழ்நாட்டில் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என நாயினங்களை ஊர்ப்பெயரால் அழைப்பதைச் சொன்னதும், "அப்போ மொட்டை ரந்தாவ் இனம்!" என்று ஒருவன் கத்தினான். அவனே முன்னர்ச் சிற்றுண்டிச் சாலையில் பேசியவன் என்று பின்னர் அறிந்தேன்.

பூனை கிடைக்கவில்லை என்ற குறை மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பாட்டிதான் வழி சொன்னார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் லயத்தைவிட்டு இடம் மாறியபோது, மொட்டை இரண்டு முறை பழைய லயத்துக்கே திரும்பிப் போனதாம். "அதுக்கு வீடுன்னா அதான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அங்கே சென்றோம். லயங்கள் இல்லை. சிமெண்டுத் தரைகளும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இரண்டு முருங்கை மரங்களும் மாரியம்மன் கோயிலும் எஞ்சியிருந்தன. கோயிலில் விளக்கேற்றும் பெரியவர் எங்களைக் கண்டதும், "மொட்டையத் தேடி வந்தீங்களா? ஒரு வாரமா இங்கதான் கெடக்கு. பொங்கலத் தவிர வேற ஒன்னும் இல்லன்னாலும் சாப்பிடுது" என்றார்.

கோயிலின் பின்புறம், அடுப்புச் சாம்பல் கொட்டும் இடத்தில் அது படுத்திருந்தது. மெலிந்திருந்தது. இடது காதில் கிழிசல். பையன் அருகில் போய் நின்றான், கூப்பிடவில்லை. பூனையும் எழவில்லை. நெடுநேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு அவன் மண்ணில் உட்கார்ந்தான். பூனை எழுந்து, அவனைக் கடந்து சென்று, பாட்டியின் கால்களை உரசிக்கொண்டு நின்றது. அவன் அப்போதுதான் அழுதான்.

கார் இருக்கையில் பாட்டியின் மடியில் பூனை படுத்திருக்க, பாட்டி என்னிடம், தம் தந்தையார் ஊரில் பொதுக்கிணற்றில் நீர் எடுக்க விடமாட்டார்கள் என்று கப்பலேறிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "அது இங்க வராதுன்னு நெனச்சாரு" என்றார். பேரன் பின்னிருக்கையில் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முன்னிலையில் அவர் இதைச் சொன்னது அதுவே முதன்முறையாம்.

அவனுக்கு அக்கட்டுரையைத் திரும்ப எழுதும் வாய்ப்பளித்தேன். கட்டாயமில்லை என்றுதான் சொன்னேன். மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். இம்முறை இரண்டு பக்கங்கள். எழுத்துப் பிழைகள் ஐந்து. அதில் ஒரு பத்தியை அவன் இசைவோடு இங்கே தருகிறேன்:

'என் பூனையின் பெயர் மொட்டை. அதற்குப் பத்திரம் இல்லை. அதன் வாலில் முடிச்சு உள்ளது. டார்வின் அதைப் பற்றி எழுதியுள்ளார். அந்த முடிச்சைத் தொட்டால் அது கடிக்கும். என் மீது இன்னும் கோபமாக உள்ளது. ஆனால் இரவில் என் காலடியில் படுக்கிறது.'